இரண்டு கதவிலும் ஏழு

றொசல்ல,
1987 ஜனவரி 19, திங்கள்.

அன்பு மகன் ஜோர்ஜுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, உச்சி வெயிலில் தலையைக் காட்டாமல், சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் கடிதம் நத்தார் கழிந்து வந்து சேர்ந்தது. பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே மகன். எழுத உட்காருவேன், இரண்டு வரி ஓடும், பிறகு எழுந்து போய் வாசலில் நின்று, நாம் வாடகைக்கு விட்டிருக்கிற கீழ் வீட்டை எட்டிப் பார்ப்பேன். திரும்பி வந்தால் எதை எழுத வந்தேன் என்பது மறந்திருக்கும். ஒனக்குக் கால்ல சக்கரமா கட்டியிருக்கு என்று அப்பா எரிந்து விழுகிறார். அவருக்கு இருமல் குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. எனக்கு முழங்கால் வலி இருந்தபடிதான், அதோடு வலப்பனை வரைக்கும் வேறு போய் வந்திருக்கிறேன். ஏன் போனேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன். நீ படித்துவிட்டு அப்பா பக்கம் சேருவாயோ என் பக்கம் சேருவாயோ தெரியவில்லை, சேருகிற பக்கம் சேர்.

முதலில் நீ கேட்டிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுக் கூரைக்கு அந்த வெயில் தகட்டைப் போடாமல் வாடகைக்கு விட்ட வீட்டுக்குப் போடப் பார்க்கிறீங்களாமே, நல்ல கூத்து என்று எழுதியிருக்கிறாய். கூத்துதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. உனக்குத் தெரியும், கரண்ட் கம்பி கீழே ரோட்டு முடக்கோடு நின்றுவிட்டது. நம் மேட்டுக்குத் தூண் நட ஆள் வரும், வரும் என்று சொல்லியே அப்பாவின் மீசை நரைத்துவிட்டது. இப்போது கம்பி எட்டாத வீடுகளுக்கு என்று பரீட்சை பார்க்கிற மாதிரி ஒரு திட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள். கூரையில் தகடு வைத்து, பகல் வெயிலைப் பெற்றரியில் பிடித்து, இருட்டியதும் இரண்டு பல்பும் ஒரு ரேடியோவும் ஓடச் செய்வது. பாதிச் செலவை அரசாங்கம் ஏற்கும். ஆனால் அந்தச் சலுகை வாடகை வீட்டுக்கு மட்டும்தான், சொந்தக்காரர் குடியிருக்கிற வீட்டுக்கு ஒன்றும் கிடையாது. ஏன் என்று கேட்டதற்குத் திட்டத்தைப் பார்க்கிற அதிகாரி சொன்ன நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. வெளிச்சம் குடியிருப்பவருக்குத்தானே என்று வீட்டுக்காரர் போட மாட்டார், கூரை தன்னுடையது இல்லையே என்று குடியிருப்பவரும் போட மாட்டார், கடைசியில் அந்த வீடு இருட்டிலேயே கிடக்கும் என்றார். அதனால்தான் சலுகை, அதனால்தான் நிபந்தனையும். தகடு போட்ட பிறகு மூன்று வருடத்துக்கு வாடகையைக் கூட்டக் கூடாது, குடியிருப்பவரைக் கிளப்பவும் கூடாது. அப்பா இதைக் கேட்டதும் குதித்தார். வீட்டுக்காரன் குப்பி லாம்புல மூக்கக் கருக்கிக்கிட்டு இருப்பானாம், குடியிருக்கவன் பல்பு போட்டு ரேடியோ கேப்பானாம், இது எந்த ஊரு நியாயம் என்றார். கீழ் வீடு என் பள்ளிக்கூடத்துப் பென்ஷனில் எழும்பிய வீடு, அதனால் சம்மதம் நானே கொடுத்தேன். நான் ஒன்றும் புனிதை இல்லை. மீனம்மாவின் பிள்ளைகள் மண்ணெண்ணெய்ப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிப்பதைப் பார்க்க முடியவில்லை என்பது ஒன்று. வெளிச்சம் உள்ள வீடு காலியாகக் கிடக்காது என்ற கணக்கும் எனக்கு இருந்தது. அந்த வெளிச்சத்தாலேயே வீடு காலியாகும் என்று நான் கண்டேனா?

மீனம்மாவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு குடிவந்தவர்கள். புருஷன் பழனியாண்டி ஹட்டனில் ஒரு இரும்புக் கடையில் வேலை. இவள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போவாள். இரண்டும் பெண் பிள்ளைகள். அவள் வந்த நாளிலிருந்து நான் தண்ணீர்க் குடம் தூக்கியதில்லை, தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகும்போது என் குடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நீ கண்காணாத ஊரில் இருக்கும்போது டீச்சரம்மா என்று வாசலில் ஒரு குரல் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

தகட்டு விஷயத்தை அவளிடம் முன்கூட்டியே சொல்லி, அவளும் சந்தோஷப்பட்டு, புருஷனும் படிவத்தில் பெருவிரல் வைத்தாகிவிட்டது. நத்தாருக்கு முந்தின வாரம் அதிகாரி வீடு பார்க்க வந்தார். சின்ன வயதுச் சிங்களப் பிள்ளை, வாய்க்கு வாய் அம்மா அம்மா என்று பேசினார். கூரையில் ஏறித் திசை பார்த்தார், மரத்தின் நிழல் எதுவரை விழும் என்று கேட்டார். நான் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். போகிற நேரம் சட்டைப் பையிலிருந்து ஒரு வெண்கட்டியை எடுத்து, கீழ் வீட்டுக் கதவில் ஏழு என்ற இலக்கத்தைப் பெரிதாக எழுதி அதைச் சுற்றி வட்டமும் போட்டார். இந்தப் பக்கத்தில் எடுபட்ட ஏழாவது வீடாம். ஜனவரிக் கடைசி வியாழக்கிழமை இன்னொரு ஐயா வந்து இலக்கத்தையும் பார்ப்பார், ஆள் குடியிருக்கிறதா என்றும் பார்ப்பார், பிறகுதான் தகடு வரும் என்றார். நம்பர் அழிக்க வேணாம் அம்மா, அழிஞ்சா லிஸ்ட்ல வெட்டிருவாங்க என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் மீனம்மா கொழுந்து மலையில். பொழுது சாய வீடு வந்தவள் கதவுக்கு முன்னால் அப்படியே நின்றதை நான் மேலேயிருந்து பார்த்தேன். களைப்பாறுகிறாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் விடிந்து பார்த்தால் கீழ் வீட்டில் புகை இல்லை. கதவு பூட்டியிருந்தது. கோழிகள் இரைக்குக் கத்திக்கொண்டு திரிந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தோசைக்கு ஊறப் போட்ட உளுந்து பானையில் அப்படியே இருந்தது.

அப்பா ஹட்டனுக்குப் போய்ப் பழனியாண்டியைப் பிடித்தார். அவன் தலையைக் குனிந்தபடி, புள்ளைகளோட அவ அக்கா வீட்டுக்கு வலப்பனைப் பக்கம் போயிருச்சுங்கய்யா, நான் கடையிலயே படுத்துக்கிறேன் என்றானாம். காரணம் சொல்லாமல் வீட்டுச் சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டான். புருஷன் பெண்டாட்டிச் சண்டை, ஆறட்டும் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். நத்தார் வந்தது, பூசைக்குப் போனோம், கேக் வெட்டினோம், என் மனம் அதில் ஒட்டவில்லை. புது வருடமும் பிறந்துவிட்டது, அவர்களைக் காணோம். பொறுக்க முடியாமல் கோச்சியில் நானுஓயா ஸ்டேஷனுக்குப் போய், வான் வண்டியைப் பிடித்து, பஸ் மாறி, வலப்பனையில் இறங்கி, அங்கிருந்து அவள் அக்கா நாகலெட்சுமி இருக்கிற தோட்டத்து லய வீட்டுக்கு விசாரித்து விசாரித்து நடந்தேன். என்னைக் கண்டதும் மீனம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டபடியே காரணத்தைச் சொன்னாள்.

எழுபத்தேழு கலவர நேரம் அவள் கீழ்நாட்டில் ஒரு இரப்பர்த் தோட்டத்தில் தாய் தகப்பனோடு இருந்திருக்கிறாள். ஒரு நாள் காலையில் யாரோ சிலர் வந்து லயத்துக் கதவுகளில் வெண்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு போனார்களாம். மலேரியா மருந்து அடிக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு இலக்கம் எழுதுவது வழக்கம்தானே, அவர்கள்தான் என்று நினைத்து இவள் அப்பா கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். அன்று இருட்டியதும் கோடு போட்ட கதவுகளாகப் பார்த்துத் தீ வைத்தார்கள். பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்டவர் பட்ட சூட்டுக் காயத்திலிருந்து எழும்பவே இல்லை. இதை அவள் அழாமல் சொன்னாள் ஜோர்ஜ், நான்தான் அழுதேன். எண்பத்து மூன்றில் நாமும் கோவிலில் போய்ப் படுத்தவர்கள்தான், அதன் பிறகுதானே நீ இந்த நாடே வேண்டாம் என்று புறப்பட்டாய். ஆனால் நம் கதவில் யாரும் எழுதவில்லை. இது வெளிச்சத்துக்குப் போட்ட இலக்கம், அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை என்று நான் எடுத்துச் சொன்னேன். தெரியுதுங்க டீச்சரம்மா, லைட்டுக்குத்தான்னு புத்திக்குத் தெரியுது, ஆனா அந்தக் கதவத் தொறந்து உள்ள போகக் காலு வர மாட்டேங்குது, அத அழிச்சிருங்க, நாளைக்கே வந்துர்றேன் என்றாள். அழித்தால் தகடு கிடைக்காது என்றேன். அதற்கு அவள், எங்க கதவுல மட்டும்தானேங்க எழுதுனாரு, ஒங்க கதவுல எழுதலையே என்றாள். குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சில் முள் ஏறிய மாதிரி இருந்தது. வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் காதில் கேட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவரும் கொஞ்சம் ஆடிப்போனார், இல்லை என்று சொல்லக் கூடாது. மறுநாளே அரசாங்கக் கச்சேரிக்குப் போய் இலக்கத்தை வேறு எங்காவது எழுதலாமா என்று கேட்டார். அந்தப் பிள்ளை லீவில் போயிருந்தார். மேசையில் இருந்தவர் அழித்தால் அடுத்த வருடம் புதிதாகப் பதியுங்கள், அடுத்த வருடம் திட்டம் இருந்தால் என்றாராம். திரும்பி வந்தவர் வேறு யோசனை கொண்டு வந்தார். ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கிற சிவசாமி, லைட் வரப் போகிறது என்று கேள்விப்பட்டு, நான் குடிவர்றேன் என்று இவரிடம் சொல்லியிருக்கிறான். அவனை வைத்தால் வியாழக்கிழமைக்கு வீட்டில் ஆள் இருக்கும், தகடும் வரும், பயந்தவள் பயந்த இடத்திலேயே இருக்கட்டும் என்பது இவர் கணக்கு. நீ இங்கே இருந்திருந்தால் நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் பிள்ளைகளுக்கு என்று கேட்டு வாங்கின வெளிச்சத்தில் சிவசாமி காற்சட்டை தைப்பானா? ஆனால் இலக்கத்தை அழிக்கவும் எனக்குக் கை வரவில்லை. அழித்தால் அவள் வருவாள், பிள்ளைகள் மறுபடியும் குப்பி லாம்பில் படிக்கும். அழிக்காவிட்டால் வெளிச்சம் வரும், அவள் வர மாட்டாள். சாப்பாட்டில் உப்புப் போட மறந்தேன், செபமாலை சொல்லும்போது எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்று தெரியவில்லை. கீழ் வீட்டுக்கு இறங்குவதும் அந்தக் கதவைப் பார்ப்பதும் ஏறுவதுமாக இருந்தேன்.

பொங்கலுக்கு மறுநாள், அப்பா வட்டவளைக்குப் போயிருந்த நேரம், என் பழைய பள்ளிக்கூடப் பெட்டியைத் திறந்து ஒரு வெண்கட்டியை எடுத்தேன். நம் வீட்டு முன்கதவில், நடுப் பலகையில், அதே அளவில் ஏழு எழுதி அதைச் சுற்றி அதே மாதிரி வட்டமும் போட்டேன். முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை மகன், நன்றாகவே வந்தது. அப்பா வந்து பார்த்தாரே, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒனக்கு மூள கலங்கிப் போச்சா, வர்ற ஆளு நம்ம வீட்டையும் வாடகை வீடுன்னு சொல்லிச் சலுகை அடிக்கப் பாக்குறோம்னு நெனப்பான், ரெண்டு வீட்டையும் சேத்து வெட்டுவான் என்று கத்தினார். அவர் சொன்னது சரிதான், அந்த ஆபத்து இருக்கிறது. ஈரத் துணியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். இது லைட்டுக்கு எழுதினதில்ல, இதத் தொட்டீங்கன்னா நானும் வலப்பனைக்குப் போயிருவேன் என்றேன். துணியை எறிந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பழனியாண்டி கோழிகளைப் பிடித்துக்கொண்டு போக வந்தான். சாவி வாங்க மேலே ஏறி வந்தவன் நம் கதவைக் கண்டு படியிலேயே நின்றுவிட்டான். இது யாருங்க எழுதுனது என்றான். நான்தான் என்றேன். கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சாவியை வாங்கவில்லை, கோழியும் பிடிக்கவில்லை, வர்றேங்க என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். அவன் என்ன நினைத்தான், அவளிடம் போய்ச் சொல்வானா, ஒன்றும் தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை இப்போதே தபாலில் போட்டால் நீயும் அங்கே என்னைப் போலத் தவிப்பாய், அதனால் மடித்து வைக்கிறேன்.

ஜனவரி 26, திங்கள்.

மகன், மேலே எழுதியதை வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன், இப்போது எடுத்துத் தொடர்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானக் கோச்சியில் மீனம்மா வந்துவிட்டாள். பிள்ளைகளோடும் மூட்டையோடும் நேரே கீழ் வீட்டுக்குப் போகவில்லை, மேலே ஏறி நம் வாசலுக்கு வந்தாள். மூட்டையை இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒங்க வீட்டுக்குத்தான் லைட்டு இல்லையேங்க, இது எதுக்குங்க டீச்சரம்மா என்று கேட்டாள். எது வந்தாலும் ரெண்டு வீட்டுக்கும் வரட்டும் மீனம்மா என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, மொதல்ல அந்த உளுந்துப் பானையக் கழுவணும், நாறிப் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு படியில் இறங்கினாள். கதவண்டை போனதும் நின்றாள், சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், திறந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கூரையில் புகை வந்தது. அந்தப் புகையைக் கண்டதும்தான் எனக்குப் பசி எடுத்தது. அப்பா தானாகவே எழும்பிப் போய், சிவசாமிக்கு வீடு இல்லை என்று ஹட்டனுக்குச் சொல்லி அனுப்பினார்.

ஆனால் பார், சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடாமல் தூறல். கீழ் வீட்டுக் கதவு பள்ளத்தைப் பார்த்த கதவு, பனிமூட்டம் நேரே வந்து முட்டும். நேற்று மாலை பார்க்கும்போது அதில் இருந்த ஏழு ஊறி வழிந்து வட்டத்தில் ஒரு துண்டுதான் மிச்சம். நம் கதவு கூரைக்கு உள்ளே இருப்பதால் இங்கே எழுதியது அப்படியே நிற்கிறது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வேண்டாத வீட்டுக்கு இலக்கம் இருக்கிறது, வேண்டிய வீட்டுக்கு இல்லை. போய்த் திரும்ப எழுதலாமா என்று நினைத்தேன். அவள் கேட்டபடி அது தானாகவே போய்விட்டதே, அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். தகட்டை மனதுக்குள் வழியனுப்பியும் வைத்துவிட்டேன்.

இன்று காலை தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த மீனம்மா, அந்த வெண்கட்டி இருக்குங்களா டீச்சரம்மா என்று கேட்டாள். பிள்ளைகள் எழுதுவதற்காக்கும் என்று கொடுத்தேன். அவள் நம் கதவுக்கு முன்னால் நின்று, அந்த ஏழின் மேல் தொட்டும் தொடாமலும் விரலை ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஓட்டினாள். பெருவிரல் வைப்பதைத் தவிர எழுத்தென்று ஒன்றும் அறியாதவள். பிறகு படியில் இறங்கிப் போய், ஈரமாக இருந்த தன் கதவை முந்தானையால் துடைத்துக் காய வைத்து, மேலே திரும்பித் திரும்பி நம் கதவைப் பார்த்து, தன் கையாலேயே ஏழு எழுதினாள். கால் கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது, வட்டம் ஒட்டவில்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், நடந்து போய் உதவவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எழுதி முடித்து, கையைத் தட்டிவிட்டு, கீழேயிருந்தே குரல் கொடுத்தாள்: வியாழக்கெழம அந்த ஐயா வந்தா நீங்க ஒண்ணும் பண்ண வேணாங்க, தேத்தண்ணி நான்தான் போடுவேன்.

இப்போது அப்பா ஒரு பழைய தகரத் துண்டை எடுத்துக்கொண்டு போய் அவள் கதவுக்கு மேலே சாய்த்து ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார், இனிமேல் தூறல் படாதாம். சத்தம் இங்கே கேட்கிறது. வியாழக்கிழமை வருகிறவர் இது எங்கள் ஆள் எழுதினது இல்லையே என்று கேட்கலாம், நம் கதவைப் பார்த்துவிட்டு இரண்டையும் வெட்டலாம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் மாதா தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக. அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு, ஆணி அடித்துவிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொன்னால் இருமல் மருந்து அனுப்பச் சொல்லி எழுது என்பார், அதை நானே எழுதிவிட்டேன். பாஸ்காத் திருநாளுக்குக் கட்டாயம் லீவு எடுத்துக்கொண்டு வா. வந்து இறங்கியதும் கதவு அழுக்காக இருக்கிறதே என்று துணியை எடுக்காதே. அதைத் துடைக்கிற நாளை மீனம்மா சொல்வாள்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா,
ம. அந்தோனியம்மா